பல் மருத்துவமனையும் தலைமைப் பொறுப்பும்

பல் மருத்துவர் என்றதும் அவர்தம் கைத்திறனையே நாம் வியந்து பேசுகின்றோம். அக்கைக்குப் பின்னால் நிற்கும் நிருவாகத்தை எவரும் உசாவுவதில்லை. 2023-ஆம் ஆண்டு வாணியம்பாடியில் நிகழ்ந்தது நெஞ்சை உலுக்குவது. அங்கொரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோருள் பத்துப் பேர், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய்க்கு ஆளாயினர், எண்மர் மாண்டனர். 2025-இல் வெளியான ஆய்வு காட்டிய காரணமோ மிக எளியது. சிகிச்சைக் கருவியொன்றால் திறக்கப்பட்ட உப்புநீர்ப் புட்டி, பஞ்சால் தளர அடைக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் பயன்பட்டது. அந்நீரிலேயே அக்கிருமி இருந்தது.

இதனை உதவியாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுதல் முறையன்று. திறந்த புட்டியை எப்போது கொட்டுவது? 121 பாகை நீராவியில் கருவிகள் குறித்த நேரம் இருந்தன என எந்தப் பதிவேட்டில், யார் ஒப்பமிடுவது? இவற்றை வகுக்க வேண்டியவர் மருத்துவமனைத் தலைவரே. புட்டியின் விலையோ சில பத்து ரூபாய்! அதனை மிச்சப்படுத்தும் வழக்கத்தைக் கண்டும் காணாதிருக்கும் தலைமை, அதற்கு இசைந்ததாகவே கொள்ளப்படும்.

இங்கிலாந்தில் பல் மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் ஆணையம் எழுப்பும் ஐந்து வினாக்களுள் ஒன்று, 'நன்கு தலைமை தாங்கப்படுகிறதா?' என்பதாகும். தமிழகத்திலோ, தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் 2018-இல்தான் வந்தன. இன்று பதிவுச் சான்று சுவரில் தொங்குகிறது. தூய்மைப் பதிவேட்டையும் நோயாளி கேட்ட அளவில் காட்டுதல் வேண்டும் என விதி செய்தால் என்ன?