நாலுல ஒண்ணுதான் நம்ம கையில

போன வாரம் ராத்திரி சின்ன மக வணிகவியல் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டிருந்தா. 'சந்தையிடுகைக் கலவை' என்று ஒரு பாடம். பொருள், விலை, இடம், விளம்பரம், இந்த நாலும் சரியாச் சேர்ந்தாத்தான் வியாபாரமாம். மெக்கார்த்தி என்ற அமெரிக்கர் 1960-ல் எழுதிய புத்தகத்தில் இப்படிப் பிரித்துச் சொன்னாராம்.

"இதுல நம்ம கையில எதுப்பா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

பொருள் நம்மகிட்ட இருக்கு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தோப்பைப் படுக்கப் போட்டுட்டுப் போச்சு. மறுபடி கன்று வச்சு, தண்ணி ஊத்தி, காய்க்கிற வரைக்கும் வருசக்கணக்கா காத்துக் கிடந்தோம். பேராவூரணிப் பக்கம் தென்னை வச்சவங்க முக்கால்வாசிப் பேர் கதை இதுதான்.

விலை? வியாபாரி போன்ல சொல்றதுதான். காய் எண்ணும்போது லாபக்காய் வேற தள்ளணும்.

இடம்? நம்ம தோப்படிதான். அங்கேர்ந்து லாரி காங்கேயம் பக்கம் போயிடுது.

விளம்பரம்? சென்னையில 'பொள்ளாச்சி இளநீர்' என்று பலகை எழுதி விக்கிறாங்க. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கு. 'பேராவூரணித் தேங்காய்' என்று எழுதின பலகையை நான் வெளியூர்ல பார்த்ததே இல்லை.

ஆக, நாலுல மூணை அடுத்தவன் கையில கொடுத்துட்டு, விலை இல்லை, விலை இல்லைன்னு புலம்புறோம்.

என் கருத்து இதுதான். நாலையும் ஒரே நாள்ல பிடிக்க முடியாது. ஆனா பொருளைக் கொஞ்சம் மாத்தினா விலையும் இடமும் கூடவே மாறும். காயாக் கொடுக்காம கொப்பரையாக் கொடுத்துப் பாருங்க. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். வெளியில விலை ஏறிக் கிடந்தா அது தேவைப்படாது. இறங்கினா அதுதான் நமக்குத் தரை. ஆனா மட்டையோட தோப்புல கிடக்கிற காய்க்கு அந்தத் தரை கிடையாது. கொப்பரையா இருந்தா நல்லாக் காய வச்சு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு போகலாம். நாலு வியாபாரி விலை கேட்பாங்க. கொஞ்ச நாள் இருப்பும் வைக்கலாம்.

லேசுன்னு சொல்லல. உரிக்கணும், உடைக்கணும், களம் வேணும், வெயில் வேணும். ஐப்பசி மழையில நடக்காது. அதைவிடப் பெரிய கட்டு, வியாபாரிகிட்ட வாங்கின முன்பணம். நானும் வாங்கினவன்தான். முன்பணம் வாங்கின அன்னைக்கே விலை பேசுற வாயை அடைச்சுக்கிட்டோம்.

அதனால முழு வெட்டையும் வேண்டாம். கால்வாசிக் காயை மட்டும் நிறுத்தி வைங்க. அக்கம்பக்கத்து அஞ்சாறு தோப்புக்காரங்க சேர்ந்து ஒரே களத்துல காய வைங்க. பலகை எழுதுறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

அடுத்த வெட்டுல நான் ஆரம்பிக்கிறேன். மக மறுபடி கேட்டா, ஒண்ணுக்கு மேல சொல்லணும்ல.