மலிவும் தேவையும்

தீபாவளி என்றதும் நம் பாட்டிமார் காலத்தில் நினைவுக்கு வந்தவை எண்ணெய்க் குளியலும், பலகாரமும், புத்தாடையுமே. இன்றோ அப்பண்டிகைக்கு முன்பே வேறொரு பண்டிகை வந்துவிடுகிறது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் ஃப்ளிப்கார்ட் நிறுவனம் ‘பிக் பில்லியன்’ விற்பனையை முதன்முதலாக நடத்தியது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்று இணையவழி விற்பனைத் திருவிழா இல்லாத ஆண்டே இல்லை.

இத்திருவிழாக்களால் விளைவது நன்மையா, தீமையா? இரண்டும் உண்டு என்பதே எம் கருத்து.

முதலில் நன்மையைக் காண்போம். மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியிடும் முறை நம் நாட்டில் 2006-இல் தொடங்கிற்று. ஐந்து நட்சத்திரக் குளிர்பதனப் பெட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் விலை அதிகம். தள்ளுபடி நாளில் அது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிறது. தேவையானதை, நீடித்து உழைப்பதை வாங்கினால் மலிவு ஒரு வரமே!

ஆனால் நாம் அப்படித்தான் வாங்குகிறோமா? ‘இன்னும் இரண்டு மணி நேரமே’ என்று கடிகாரம் ஓடினால் நம் அறிவும் அதன் பின்னே ஓடிவிடுகிறது. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் மிக்சியின் கப்ளர் மட்டுமே தேய்ந்திருந்தது. தெருமுனைக் கடையில் சிறு செலவில் மாற்றியிருக்கலாம். ‘பாதி விலை’ என்றதும் புதிய மிக்சி வந்தது. பழையது பரணுக்குப் போயிற்று. இதில் மிச்சமானது என்ன? அளவு தெரியாமல் இரண்டு சுடிதார் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புகிறோம். அதற்காக வண்டி இருமுறை புகை கக்குகிறது அன்றோ!

நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் நாளன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பல தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் பிறந்தது. காய்கறிக் கடைக்கு மஞ்சப்பையுடன் செல்லும் நாம், வாசலுக்கு வரும் பொட்டலத்தின் உறைகளை எண்ணிப் பார்ப்பதில்லையே!

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். ஆகவே தோழியரே, விற்பனை தொடங்குமுன் வீட்டில் தேவைப் பட்டியல் ஒன்று எழுதுவோம். பட்டியலில் இல்லாததற்கு ஓர் இரவு அவகாசம் தருவோம். காலையிலும் அது தேவையெனத் தோன்றினால் மட்டுமே வாங்குவோம். பழுதானதை முதலில் பழுதுபார்ப்போம். பெற்றோரே, விலையைப் பார்க்குமுன் பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!

மலிவாய் வாங்குவது சிக்கனமன்று; தேவையறிந்து வாங்குவதே சிக்கனம்.