முத்திரை குத்திவிட்டால் முடிந்ததா வழக்கு?



கருவறையில் பிறப்பால் உயர்வு தாழ்வு ஏன் என்று கேட்டுப் பாருங்கள். விடை வராது, வினாதான் வரும். "நீ ஆத்திகனா, நாத்திகனா?"

நாத்திகன் என்றால், "கோயில் காரியம் உனக்கு எதற்கு?" என்று கதவடைப்பர். ஆத்திகன் என்றாலோ, "அப்படியானால் சாத்திரத்துக்குக் கட்டுப்படு" என்று வாய்ப்பூட்டு இடுவர். எப்படிச் சொன்னாலும் நாம் கேட்டது கேட்பாரற்றுக் கிடக்கும். எவ்வளவு வசதியான ஏற்பாடு!

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சற்றே பாருங்கள். மனுநூல், இரண்டாம் அத்தியாயம், 11ஆம் சுலோகம். தருக்கத்தைத் துணைக்கொண்டு சுருதியையும் மிருதியையும் இகழ்பவனைச் சான்றோர் ஒதுக்கிவிட வேண்டுமாம். வேதத்தைப் பழிக்கும் அவனே நாத்திகனாம். கடவுளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை! அதனால்தான், உலகைப் படைக்கக் கடவுள் ஒருவர் வேண்டியதில்லை என வாதிட்ட மீமாம்சகர், வேதத்தை ஒப்பியதால் ஆத்திகர் வரிசையில் அமர்ந்தனர். வினையும் மறுபிறப்பும் தேவருலகும் உண்டென்ற சமணரும் பௌத்தரும் நாத்திகர் எனத் தள்ளப்பட்டனர். ஆண்டவனை ஏற்றாயா என்பதன்று, அதிகாரத்தை ஏற்றாயா என்பதே அன்றைய கேள்வி. இன்றைய கேள்வியும் அதுவே.

1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியபோது எழுந்த கூக்குரல் என்ன? "நாத்திகர்கள் ஆலயத்தில் கைவைக்கிறார்கள்!" வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது. 1972இல் வந்த தீர்ப்பில் சட்டம் நிலைத்தது; ஆனால் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டது என்ற பூட்டும் கூடவே தொங்கியது. பின்னர் 2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வழி வகுக்கப்பட்டு, பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட இளைஞர்கள் கற்றுத் தேறினர். தோழர்களே, அவர்கள் யார்? தீட்சை பெற்றவர்கள், திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் ஓதியவர்கள், அசைக்கவொண்ணாத பக்தர்கள்! அவர்களுள் பெரும்பாலோர் 2021 ஆகஸ்டு வரை வாயிலிலேயே காத்து நின்றனர். அப்போதும் ஒரு பகுதியினருக்கே பணி கிட்டியது. நம்பிக்கைதான் தகுதி என்றால், இந்த நம்பிக்கையாளர்களை இத்தனை ஆண்டு தடுத்தது எது? "நாத்திகன்" என்று நம்மைச் சுட்டிய விரல், ஓர் ஆத்திகனுக்கு எதிராகவே நீண்டிருந்தது.

நம் பக்கத்துக் கோணலையும் மறைப்பானேன்? தேநீர்க் கடையில் திருநீறு பூசிய பெரியவரைக் கண்டதும், "நான் நாத்திகன்" என்று மார்தட்டித்தான் பேச்சையே தொடங்குகிறார் நம் இளந்தோழர். அவர் "பக்தன்" என்று முறைக்கிறார். முடிந்தது உரையாடல்! எதிரி குத்த வேண்டிய முத்திரையை நாமே குத்திக்கொண்டு, அவர் நெற்றியிலும் ஒன்று குத்திவிட்டு வருகிறோம். அந்தப் பெரியவர் அன்றாடம் வணங்கும் தெய்வத்தைத் தொட்டுப் பூசிக்க அவர் மகனுக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அவர் நம் பக்கம் நகர்ந்து அமர்ந்திருப்பாரே!