வலிக்காத புண்ணைத்தான் கவனிக்க வேண்டும்

இனிப்பு நீர் உள்ளவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சர்க்கரை எவ்வளவு?" என்பதுதான். "பாதம் எப்படி இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியும் முதல் கேள்விக்குச் சமமானது. அதை வீட்டில் கேட்கத் தகுந்தவர்கள் மாணவர்கள் என்பது என் கருத்து.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர்! அவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் பாதத்துக்கு என்ன வந்தது? முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால் விரல் நுனி வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உடலிலேயே மிக நீளமான இழைகள் இவை. பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்தே இருந்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. மிக நீளமான இழைகள்தாம் முதலில் அடிபடும். அதனால் மரப்பு கால் விரல்களில் தொடங்கி மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களும் மரக்கத் தொடங்கும். காலுறையும் கையுறையும் மூடும் இடங்களே பாதிக்கப்படும் இடங்கள். வியர்வை குறைவதால் தோல் வறண்டு, குதிகால் வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் தளர்ந்து விரல்கள் வளைந்துவிட்டால், நடக்கும்போது எடை முழுவதும் ஒரு சில இடங்களில் மட்டும் அழுத்தும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது.

இனி திரிங்காப் பக்கம் பாருங்கள். தேயிலைச் சரிவிலும் காய்கறித் தோட்டத்திலும் ரப்பர் பூட்ஸ் அணிந்துதான் வேலை. பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் விழுந்தால் நீங்களும் நானும் இரண்டு அடியில் நின்று உதறிவிடுவோம். பாதம் மரத்தவர் அந்தக் கல்லோடு நாள் முழுவதும் நடப்பார். மாலையில் குளிருக்கு இதமாகக் காலை வெந்நீரில் வைத்தால், சூடு அதிகம் என்பதும் தெரியாது. வலியில்லாததால், "சின்னக் காயம்தானே" என்று மறுநாளும் வேலைக்குப் போவார். நீரிழிவால் கால் இழப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், அதற்கு முன் பாதத்தில் ஒரு புண் வந்திருக்கிறது. புண்ணை முதலிலேயே பார்த்திருந்தால் பல கால்கள் தப்பியிருக்கும்.

வலியின் அருமையை உலகுக்கு உணர்த்திய பாடம் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அன்று பலரும் நம்பினர். அவர் கூர்ந்து பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுப்பதால் வலி தெரிவதில்லை. நோயாளிகள் சூடான பாத்திரத்தைத் தூக்கினர், புண்ணான காலோடு நடந்தனர். தூக்கத்தில் எலி விரலைக் கடித்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன!

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவுக்காரர்களின் பாதப் புண்ணும் இதே வகைதான் என்று அங்கே எடுத்துச் சொன்னார். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் முறைக்கு அந்த மருத்துவமனையின் ஆய்வுகள் வழிவகுத்தன. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் அந்த இழையைப் பயன்படுத்துகிறார்கள்.

இழை இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானது. பெரியவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொட்டது தெரிந்தால் அவர் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், தாமதிக்காமல் கிளினிக்கில் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இது நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல, எச்சரிக்கை மட்டுமே.

"இதெல்லாம் மருத்துவர் வேலை, பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவர் பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது உண்மைதான். அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. ஆனால் மீதி 364 நாள் யார் பார்ப்பது? வயதானவரால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். உங்கள் கண்ணுக்கு அது ஒரு நிமிட வேலை. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, விரலிடுக்கில் ஈரப்புண் ஏதாவது இருக்கிறதா? பூட்ஸைக் கவிழ்த்து உதறினார்களா? வெந்நீரின் சூட்டை உணர்வு நன்றாக உள்ள வேறொருவர் தொட்டுப் பார்த்தாரா?

தோட்ட நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. பூட்ஸ் கொடுத்தால் போதாது, காலுக்குச் சரியான அளவில் கொடுக்க வேண்டும். விரலை இறுக்கும் பூட்ஸும் ஒரு காயக் கருவிதான்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியவர்களின் காலைத் தொட்டு ஆசி வாங்குகிறோம். மற்ற நாள்களில் அந்தக் கால்களைத் திருப்பிப் பார்ப்பதில் கூச்சம் எதற்கு? இன்றிரவு தாத்தாவின் உள்ளங்காலைப் பாருங்கள். "வலிக்கவில்லை" என்று அவர் சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள்.