நாற்காலியின் விலை அதன் அடியில்

கடையைப் புதுப்பிக்கும்போது நாம் முதலில் கழித்துக் கட்டுவது பழைய நாற்காலிகளைத்தான். பிரம்பு அறுந்துவிட்டது, கால் ஆடுகிறது என்று பழைய சாமான்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறோம். இதையே அரசு அலுவலகங்கள் செய்து இழந்த கதை நம் நாட்டிலேயே உண்டு.

1950-களில் சண்டிகார் தலைநகரம் எழுந்தபோது, அதன் அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு நாற்காலிகள் செய்யப்பட்டன. சுவிட்சர்லாந்தில் பிறந்த பியர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார்; உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். பிற்காலத்தில் உடைந்தவை கழிவுச் சாமானாக ஏலம் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் எடுத்துப் பழுது நீக்கினார்கள். பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் ஒரு ஜோடியே பல லட்சம் ரூபாய்க்குப் போனது. நமது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ நூறு ஆண்டு கடந்த சாமான்களுக்குத்தான் பொருந்தும். விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது 2011-இல்தான்.

வெளிநாட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொது ஏலத்தில் பணம் கட்டி எடுத்தார்கள். சரக்கை அவர்கள் பார்த்தார்கள், விற்றவர்கள் பார்க்கவில்லை.

மிளகைத் தண்ணீரில் போட்டுப் பப்பாளி விதையைப் பிரிக்கத் தெரிந்த நமக்கு, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பது பெரிய வேலையா? மேற்பரப்பில் ஓடும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். இல்லையென்றால் மேலே ஒட்டிய தகடாக இருக்கலாம். சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியவையா, வெறும் ஆணி அடித்தவையா என்று பாருங்கள். நான்கு கால்களும் ஒரே மாதிரி தேய்ந்து, மறைவான அடிப்பாகமும் ஒரே நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். சண்டிகார் நாற்காலிகள் பலவற்றில் இலாகாவின் பெயரும் எண்ணும் வண்ணத்தில் எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. எழுத்தை யாரும் எழுதலாம், போலிகள் ஏராளம்.

ஆகவே என் கருத்து இதுதான்: சீட்டு இல்லாத நாற்காலிக்கு மரத்தின் விலை, வேலைப்பாட்டின் விலை, அவ்வளவே. யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏல ரசீதோ பழைய பட்டியலோ இருந்தால்தான் பெயருக்கு விலை. அரசு முத்திரை உள்ள சாமானை ரசீது இல்லாமல் வாங்குவது லாபமல்ல. திருட்டுச் சரக்கு வழக்கில் போய் நிற்க வைக்கும்.

விலை கேட்கும்போதும் வியாபாரியாகவே இருங்கள். ஒருவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. விற்று முடிந்த விலையே விலை. அதிலும் ஏலக் கமிஷன், பழுது, போக்குவரத்து கழித்த பிறகே நம் கைக்கு வரும். விற்குமுன் புது வார்னிஷ் அடித்து மினுக்காதீர்கள். பழைய மேற்பரப்பு போனால் மதிப்பும் குறையும். பிரம்பு மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழையதெல்லாம் பொக்கிஷம் அல்ல. பழையதெல்லாம் குப்பையும் அல்ல. தராசில் ஏற்றுமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கொள்முதலில் காட்டும் கவனத்தைக் கழிவிலும் காட்டுபவரே முழு வியாபாரி.