சோதித்த தண்ணீரின் முடிவு யாருக்குச் சொந்தம்?



மலைநாட்டில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பண்டாரவளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைக் காணப் பல மணிநேரம் பயணம் செய்ய வேண்டும். ஆனால் தண்ணீர் அந்தத் தூரத்தைத் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. நமது லயத்துக் கானில் ஓடும் நீர் ஓடையில் விழுகிறது. ஓடை பதுளை ஓயாவிலோ உமா ஓயாவிலோ சேர்கிறது. இரண்டும் மகாவலியில் கலக்கின்றன. மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. 2024 இல் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் பின்னர் அந்த நீரில் ஒரு பகுதி சுரங்கத்தின் வழியாகக் கிரிந்தி ஓயாவுக்குப் போய், தெற்குக் கடலையும் அடைகிறது.

தேயிலை மலையில் அடிக்கும் மருந்தும், போடும் உரமும், நகரத்தின் கழிவும் இதே வழியில்தான் இறங்குகின்றன. கொட்டியாரக் கரையில் மூதூரும் சம்பூரும் இருக்கின்றன. 2006 ஆம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் முகாம்களில் வாழ்ந்து, 2015 க்குப் பின்னரே சொந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூர்ப் பெண்களின் சீவியம் அந்தக் கடலையும் நம்பியிருக்கிறது. நாங்கள் மேலே கழுவி விடுவது கீழே அவர்களுடைய வலைக்குப் போகிறது. ஆகவே அந்தக் கடல்நீர் சுத்தமா, இல்லையா என்று பார்ப்பது யார், அப்படிப் பார்ப்பவர்களை நடத்துவது யார் என்ற கேள்வி மலையிலுள்ள எமக்கும் உரியது.

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சகோதரி ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "வந்தாங்க மிஸ். போத்தல்ல தண்ணி எடுத்துக்கொண்டு போனாங்க. முடிவு வரும் எண்டாங்க. இன்னும் வரல்ல. எங்கட தண்ணிதானே, முடிவு மட்டும் ஏன் எங்கட இல்ல?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களின் பீலித் தண்ணீரையும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

காணாமற்போன பிள்ளைக்காக, பறிபோன காணிக்காக, ஆணைக்குழுக்களின் முன்னால் நின்ற பெண்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. விசாரணை நடக்கும், அறிக்கை எழுதப்படும், ஆனால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை எழுதியவர்கள் தீர்மானிப்பதில்லை, அவர்களை நியமித்தவர்களே தீர்மானிப்பார்கள். தண்ணீர் விடயத்திலும் அதுவே நடக்கிறது.

நமது நாட்டில் யார் பார்க்கிறார்கள்?

இலங்கையில் கடல்நீரைப் பார்ப்பதற்கு அலுவலகங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 1981 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது 'நாரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனம். மீனும் கடலும் பற்றிய ஆராய்ச்சி அதன் பொறுப்பு. அது கடற்றொழில் அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதே 1981 இல் வந்த 57 ஆம் இலக்கச் சட்டம் கரையோரப் பாதுகாப்புக்கு உரியது. கப்பல்களாலும் தரையிலிருந்தும் கடல் மாசடைவதைத் தடுக்க, 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. தரையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், குடிநீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் உள்ளன.

ஆறு ஒன்றுதான், அதைப் பார்க்கும் அலுவலகங்களோ ஐந்து. ஒவ்வொன்றும் தனக்குரிய துண்டை மட்டும் பார்க்கிறது. இவற்றின் சபைகளுக்கு ஆட்களை நியமிப்பதில் அமைச்சர்களுக்கே பெரும் பங்கு உண்டு. அமைச்சர் மாறினால் தலைவரும் மாறுவது எமது நாட்டு வழக்கம். மேலிருந்து கீழே இறங்கும் இந்த ஏணியில் ஆய்வு செய்யும் விஞ்ஞானி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய தாள் மேசை லாச்சிக்குள் போய்விட்டால் கிராமத்துப் பெண்ணுக்குப் பயனில்லை.

சுன்னாகம் சொல்லும் பாடம்

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று மக்கள் முறையிட்டது பலருக்கு நினைவிருக்கும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அது பெரும் பிரச்சினையாக எழுந்தது. நீர் வழங்கல் சபையின் சோதனைகள் எண்ணெய் இருப்பதாகக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அபாயகரமான மாசு இல்லை என்றது. கிணற்றடியில் குடத்தோடு நின்ற தாய் எதை நம்புவாள்? பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பதா, விடுவதா? படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றபோது சுமை முழுவதும் அவள் தலையில் விழுந்தது.

இறுதியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம் நிலத்தடி நீர் மாசடைந்ததை ஏற்று, அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லதுதான். ஆனால் ஒரே தண்ணீரைப் பற்றி இரண்டு கதைகள் வராதபடி ஏற்பாடு ஒன்று முதலிலேயே இருந்திருந்தால் அந்தத் தாய்மார் ஆண்டுக்கணக்கில் தவித்திருக்கத் தேவையில்லை.

ஒரே மேசையில் இருவரும்

அப்படியோர் ஏற்பாடு உலகில் இருக்கிறதா? அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் ஒன்று உள்ளது. லொஸ் ஏஞ்சல்ஸ், சன் டியேகோ போன்ற பெரு நகரங்களின் கழிவுநீர், குழாய்கள் வழியாகப் பசுபிக் கடலில் விடப்படுகிறது. அதனால் கடலுக்கு என்ன ஆகிறது என்று அறிய, 1969 இல் அங்குள்ள கழிவுநீர் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கின. அதன் பெயர் தென் கலிபோர்னியக் கரையோர நீர் ஆராய்ச்சித் திட்டம்.

அழுக்கை விடுபவர்களே தொடங்கிய அமைப்பை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்பது சரி. பின்னர் அதன் ஆட்சிக்குழுவில் அழுக்கைத் தடுக்கும் அரச நிறுவனங்களும் சேர்க்கப்பட்டன. இன்று கழிவுநீர் நிறுவனங்கள், மழைநீர் வடிகால் நிறுவனங்கள், அவற்றுக்கு அனுமதி கொடுத்துத் தவறினால் தண்டிக்கும் அரச சபைகள் என 14 உறுப்பு நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்கின்றன. விடுபவருக்கும் தடுப்பவருக்கும் அங்கே ஆசனம் உண்டு. எதை ஆராய்வது என்பதை இரு தரப்பும் கூடிப் பேசியே தீர்மானிக்கின்றன. அதனால் முடிவு வெளிவந்த பிறகு "அது எதிராளியின் அறிக்கை" என்று தள்ளிவிடுவது எவருக்கும் இலகுவல்ல.

இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. முன்பு ஒவ்வொரு நகரமும் தன் குழாய்க்கு முன்னால் உள்ள நீரை மட்டுமே அளந்தது. 1994 முதல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து முழுக் கரையோரத்தையும் அளக்கிறார்கள். அதற்கு முன்பாகப் பல ஆய்வுகூடங்களுக்கும் ஒரே மாதிரியைக் கொடுத்து, எல்லோருடைய விடையும் ஒத்து வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்து வராவிட்டால் முதலில் அதைத் திருத்துகிறார்கள். சுன்னாகத்தில் நமக்கு இல்லாமற்போனது இந்தச் சின்ன விடயம்தான்.

அங்கும் எல்லாம் நிறைவானது அல்ல. ஆட்சிக்குழுவில் இருப்பவை எல்லாம் அரச, நகர நிறுவனங்களே. கடலை நம்பி வாழும் மீனவருக்கு அங்கே ஆசனம் இல்லை. ஆயினும் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன.

எரிந்த கப்பலும் இல்லாத கணக்கும்

இது அந்நிய நாட்டுக் கதை, நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கப்பல் தீப்பிடித்து, ஜூன் மாதம் மூழ்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக் அமிலமும், அரிசி மணி போன்ற பிளாஸ்டிக் குருணைகளும் கடலில் கலந்தன. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கணவன் கடலுக்குப் போகாத வீட்டில் அடுப்பு எரியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீனைத் தொடப் பலர் பயந்ததால், கருவாடு போட்டும் மீன் விற்றும் பிழைத்த பெண்களின் வருமானமும் விழுந்தது.

நட்டம் எவ்வளவு என்று கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. நிபுணர்கள் கணக்கிட்டு, 640 கோடி அமெரிக்க டொலர் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் இத்தகைய கணக்குக்கு ஒரு அடிப்படை வேண்டும். கப்பல் எரிவதற்கு முன்பு அந்தக் கடல் எப்படி இருந்தது, எத்தனை வகை மீன், நீரில் எவ்வளவு உலோகம் என்ற பழைய அளவுகள் ஒழுங்காக இருந்தால்தான் "இவ்வளவு கெட்டது" என்று வழக்குப் பேசலாம். ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் நிறுவனத்தின் அருமை அப்போதுதான் தெரிகிறது.

2025 ஜூலை 24 ஆம் திகதி உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அரச தரப்பு கடமையில் தவறியதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் கப்பல் நிறுவனம் அந்தப் பணத்தைக் கட்டப் போவதில்லை என்று அறிவித்தது. காவல் நிற்க வேண்டியவர்களைக் கண்காணிக்க ஒருவரும் இல்லாவிட்டால், இழப்பு நேர்ந்த பிறகு நீதிமன்றப் படி ஏறுவதைத் தவிர வழியில்லை.

நாங்கள் என்ன கேட்கலாம்?

தண்ணீரைச் சோதிக்கும் எந்த நிறுவனத்தைப் பற்றியும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அதன் சபையில் இருப்பவர்கள் யார்? அதற்குப் பணம் தருபவர் யார்? எதைச் சோதிப்பது என்று தீர்மானிப்பவர் யார்? முடிவை எப்போது, எந்த மொழியில், யாருக்குச் சொல்கிறார்கள்? இந்த நான்குக்கும் விடை "மேலிடம்" என்று வந்தால் அந்த நிறுவனம் மக்களுக்கு உரியதாக இன்னும் ஆகவில்லை.

கேட்பதற்கு உங்களுக்குச் சட்ட உரிமையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்த அரச அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடமும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். கொடுக்க முடியுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல் உத்தியோகத்தரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "எமது கிராமத்தில் எடுத்த தண்ணீர் மாதிரியின் முடிவுப் பிரதி வேண்டும்" என்ற ஒரு வரியே போதும். தனியாகப் போகத் தயங்கினால் மாதர் சங்கமாக, மீனவர் சங்கப் பெண்களாகச் சேர்ந்து கொடுங்கள்.

இன்னொன்றையும் இன்றே தொடங்கலாம். ஒரு கொப்பியை எடுத்து, திகதி போட்டு, தண்ணீரின் நிறம், மணம், மழை பெய்ததா, மலையில் மருந்து அடித்தார்களா, மீன் செத்து மிதந்ததா, கிணற்றில் எத்தனை முழம் நீர் என்று வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். ஆய்வுகூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் எப்போது, எங்கே சோதிக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்கும். உமா ஓயாச் சுரங்க வேலையின்போது, 2014 இன் இறுதியிலிருந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். அப்படியான வேளையில், முன்பு கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தது என்று எழுதி வைத்த குடும்பத்தின் பேச்சுக்கு ஒரு பிடி இருக்கும்.

மலையிலும் கரையிலும் தண்ணீர் அள்ளுவது பெரும்பாலும் பெண்கள்தான். அந்தத் தண்ணீரால் பிள்ளைக்கு நோய் வந்தால் இரவு விழித்திருப்பதும் நாங்கள்தான். ஆனால் தண்ணீரைப் பற்றித் தீர்மானிக்கும் சபைகளில் எங்களைக் காண்பது அரிது. அந்த ஆசனத்தை யாரும் தாமாக எழுந்து தந்துவிடப் போவதில்லை. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் வாசித்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் எடுத்த தண்ணீரின் முடிவைக் கேட்டு முதல் விண்ணப்பத்தை அங்கேயே எழுதுங்கள்.