படைப்பில் கை வைக்கலாமா?

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய சரிவுகளில் வசிக்கும் இருளர், குறும்பர் முதலிய மக்களிடையே அரிவாள் செல் சோகை என்கின்ற வியாதி இருந்து வருகின்றது. இதன் கூறு இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டதே நீலகிரி மலைமக்களின் இரத்தத்தில்தான். அது 1952-ஆம் வருஷத்துச் சங்கதி. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த பிள்ளைக்குச் சிகப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, இரத்தக் குழாய்களை அடைத்துப் பொறுக்கமுடியாத வலியை உண்டாக்குகின்றன. இதைத் தலையெழுத்து என்று சொல்லித் திருநீறு கொடுத்து அனுப்பிவிடுகின்றவர்களுக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை.

நிற்க, நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தி, மறுபடியும் உடலில் செலுத்தும் சிகிச்சையை இங்கிலாந்து 2023 நவம்பரிலும், அமெரிக்கா டிசம்பரிலும் அங்கீகரித்தன. இம்மாதிரி விஷயம் வந்தால் "ஆண்டவன் படைப்பில் கை வைக்கலாமா?" என்று கேட்பது எல்லா மதக்காரர்களுக்கும் வழக்கம். படைப்பை மாற்றச் சொல்வது ஷைத்தானின் வேலை என்று குர்ஆனில் ஒரு வசனம் (4:119) இருப்பதால், முஸ்லிம்களுக்குள் இக்கேள்வி பலமாகவே எழுந்தது. ஆனால் 1998-ல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு சபையார் அந்த வசனத்தைக் காட்டிக் கதவை அடைத்துவிடவில்லை. நோயைத் தடுக்கவும் தீர்க்கவும், அதைவிடப் பெரிய கேடு விளையாதபடி செய்யலாம் என்றும், மனித வர்க்கத்தை உயர்த்துகின்றோம் என்ற பேரால் மரபணுவில் தலையிடக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள்.

ஆண்டவனை வைத்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்திற்கு நாம் ஆண்டவன் இல்லாமலே வந்து சேருகின்றோம். 2018-ல் சீனாவில் ஒரு விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்து, மறுவருஷம் சிறைத்தண்டனை பெற்றார். அக்குழந்தைகளின் சம்மதத்தை யார் கேட்டது? பிறவியிலேயே உயர்ந்தவன் என்கின்ற பித்தலாட்டத்தால் இத்தனை காலம் நாசமான நாட்டில், பணக்காரன் பிள்ளைக்கு மட்டும் உயர்ந்த பிறவியை விலைக்கு விற்கும் கடை திறக்கப்படுமானால் அதன் கதி என்ன?

நோய் தீர்க்கும் விஷயத்திலோ நமக்குத் தடை மதமல்ல, விலைதான். அமெரிக்காவில் அச்சிகிச்சைக்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பம் எத்தனை தலைமுறை பறித்தால் இத்தொகை சேரும்? சர்க்கார் 2023 ஜூலையில், 2047-க்குள் இவ்வியாதியை ஒழிப்பதாக ஒரு திட்டம் ஆரம்பித்து இரத்தப் பரிசோதனை செய்து வருகின்றது. நல்லதுதான், ஆனால் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்துவிடுவது வைத்தியமாகிவிடாது. டில்லியிலுள்ள சர்க்கார் விஞ்ஞான நிலையத்தார் குறைந்த செலவில் இதே சிகிச்சைக்கு முயன்று வருகின்றார்கள். அது கைகூடும்பொழுது மலைமக்களைச் சோதனைக்கு மட்டும் முதலில் அழைத்து, பலனுக்குக் கடைசியில் நிறுத்தாமல், அவர்களுடைய பாஷையிலேயே விளக்கிச் சம்மதம் பெற்று, இனாமாகவே கொடுக்க வேண்டுமென்று இப்பொழுதே கேட்கின்றோம்.